துரும்பு, இரண்டு பாதி

தங்கச்செல்விக்கும் விஜயபாண்டிக்கும் உறவு தீர்ந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. எம்.ரெட்டியபட்டியில் இது எல்லோருக்கும் தெரியும். ஷேர் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்ற மாட்டார்கள். பாலவனத்தத்துக்குத் தெரியும், விஜயபாண்டி இப்போது அங்கேதான் முனீஸ்வரியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறான். பந்தல்குடிக்கும் தெரியும், தூத்துக்குடி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அழகுராஜாதான் இரண்டு வருஷமாகத் தங்கச்செல்வியின் கணவன். தெரியாதது அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.

சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதியப் போன அன்று அவளுக்கு முப்பத்தாறு வயது, மூன்றாவது மாதம்.

"புருசன் பேரு?" என்றார் நர்ஸ்.

"அழகுராஜா."

"விஜயபாண்டின்னுல வருது?"

"அது பழசும்மா. தீர்த்து விட்டாச்சு."

"நீங்க தீர்த்தீக. கம்ப்யூட்டர் தீர்க்கலையே. கோர்ட்டுப் பேப்பர் இருந்தா குடுங்க, மாத்திருவோம். இல்லைன்னா பிள்ளைக்குத் தகப்பன் பேரு விஜயபாண்டின்னுதான் விழும். அதுவே போட்டுரும், நாங்க தொடக்கூட முடியாது."

விஜயபாண்டியோடு தங்கச்செல்வி ஆறு வருஷம் குடும்பம் நடத்தினாள். பிள்ளை இல்லை என்பதைச் சொல்லித்தான் அந்த வீட்டார் அவளைத் தீர்த்து விட்டார்கள். குறை அவளிடம்தான் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை, மாமியார் சொன்னார். இப்போது இத்தனை வருஷம் கழித்துத் தங்கியிருக்கிற பிள்ளையையும் அந்த வீட்டுக்கே எழுதிக் கொடுப்பதென்றால் அவள் வயிறு எரியாதா?

எங்கள் பக்கத்து வழக்கத்தை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு கல்யாணத்தைத் தீர்ப்பது எங்களுக்கு அரை மணி நேர வேலை. ஊர் கூடும். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு சோளத்தட்டையிலிருந்து துரும்பு கிழித்து, ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்வார்கள். "இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று மூன்று தடவை சொல்லி இழுத்து முறிக்க வேண்டும். ஆளுக்கொரு பாதி. திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். இது சட்டத்துக்கே சம்மதமான வழக்கம்தான். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருந்ததைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் அந்தப் பாதியை ஊர் எல்லையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தங்கச்செல்வி போடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. தையல் மெஷின் டிராயரில், பாபின்களுக்கு நடுவே, ஒரு பழைய ஊசிப் பெட்டியில் வைத்திருந்தாள். விஜயபாண்டியின் பாதி இருந்த இடம் இன்னும் பத்திரமானது. முனீஸ்வரி அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தபோது, "முதல்ல துரும்பக் காட்டு" என்று வாங்கி, அன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். அவளுக்கு அதுதான் கல்யாணப் பத்திரம்.

ஆகவே தங்கச்செல்வி கேட்டது விவாகரத்து அல்ல. ஏற்கெனவே முறிந்தது முறிந்ததுதான் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவள் வேறு யாரையும் தேடவில்லை, நேரே சத்யபிரியாவிடம் போனாள்.

சத்யபிரியா அவள் தெருப் பெண், அந்தத் தெருவின் முதல் வக்கீல். அவள் சட்டம் படித்து முடித்தபோது கருப்புத் துணி வாங்கி வந்து கவுனைத் தைத்துக் கொடுத்தது தங்கச்செல்விதான். கூலி என்று எதையும் வாங்கவில்லை. கவுனைப் போட்டுப் பார்த்த அன்று, "அக்கா, உங்களுக்குன்னு ஒரு கேஸ் வந்தா நான் நிக்கேன்" என்று அந்தப் பெண் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கச்செல்வி அதை நம்பினாள். நம்பியதில் தப்பு என்ன இருக்கிறது?

"ரெண்டே வாய்தாக்கா," என்றாள் சத்யபிரியா. "ஆனா நடைமுறையெல்லாம் இப்ப மாறிருச்சு. மொதல்ல இதத் தச்சுக் குடுங்க."

நீட்டியது ரோஸ் கலர் துணி. குடும்ப வழக்குகளுக்கு என்று கோட்டத்தில் புதிதாக ஒரு மாதிரி நீதிமன்றம் திறந்திருந்தார்கள். பெயர் குடும்ப நல்லிணக்க மன்றம். கருப்பு கவுனைப் பார்த்தால் தம்பதியருக்குப் பிரிய வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்று ஆய்வில் கண்டுபிடித்து, அங்கே வக்கீல்கள் எல்லோரும் ரோஸ் கவுன்தான் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அவர்களுக்கு வக்கீல் என்ற பெயரும் கிடையாது, 'நல்லிணக்கத் தோழர்'. தங்கச்செல்வி அதையும் தைத்துக் கொடுத்தாள். காலர் மட்டும் சரியாக உட்காரவில்லை என்று இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள்.

மன்றத்துக்கு முதல் நாள் போனபோது வாசலில் தலைமை நல்லிணக்க அலுவலர் முத்துராமலிங்கம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். தினமும் பத்து மணிக்கு அவர் பேசுவார். அந்தப் பேச்சுக்கு வருகைப் பதிவு உண்டு.

"இங்கே வழக்கு கிடையாது, வேண்டுகோள்தான். எதிரி கிடையாது, அன்பு இணையர்தான். மற்ற நீதிமன்றங்கள் எத்தனை வழக்கை முடித்தோம் என்று கணக்குச் சொல்கின்றன. நாங்கள் எத்தனை குடும்பத்தை முடிக்கவில்லை என்று சொல்கிறோம். சென்ற ஆண்டு இந்த மன்றத்தில் நடந்த பிரிவுகள் எத்தனை? சுழி!"

கைதட்டினார்கள். தங்கச்செல்வி எழுந்து கேட்டாள். "பிரிச்சுக் குடுங்கன்னு வந்தவுக எத்தனை பேருங்கய்யா?"

"இரண்டாயிரத்து நானூறு."

"அவுகள்லாம் என்ன ஆனாக?"

"காத்திருக்கிறார்கள்," என்றார் முத்துராமலிங்கம் பெருமையாக. "காத்திருப்பவர்களைப் பிரிந்தவர்கள் என்று சொல்ல முடியாது இல்லையா? பெண்கள் மனம் மாறுவார்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை உண்டு. மாறாவிட்டால் வயதாகும். அதுவும் ஒரு தீர்வுதானே அம்மா."

மனுவை ஆன்லைனில்தான் போட வேண்டும். பிரிவுக்கான காரணம் என்ற இடத்தில் மூன்றே வாய்ப்புகள் இருந்தன: சிறு மனத்தாங்கல், தவறான புரிதல், பிறர் தூண்டுதல். "ஏற்கெனவே தீர்ந்துவிட்டது" என்று ஒன்று இல்லை. சத்யபிரியா சிறு மனத்தாங்கலைத் தொட்டாள். அடுத்தது, "என் அன்புக் கணவரின் பெயர்". அதில் விஜயபாண்டியைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"இது என்னடி, அவன அன்புக் கணவர்ங்குது?"

"அது சும்மா பாரம்க்கா. உள்ள நம்ம தெளிவாப் பேசிருவோம்."

உள்ளே ஊஞ்சல் இருந்தது. நல்லிணக்க ஊஞ்சல். எல்லா மனுக்களுக்கும் பன்னிரண்டு அமர்வு கட்டாயம். அமர்வு என்றால் மனுதாரரும் அன்பு இணையரும் அந்த ஊஞ்சலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆட வேண்டும். ஆலோசனை சொல்வதற்கு ஆள் போடவில்லை, ஊஞ்சலுக்கு மட்டும் நிதி வந்திருந்தது. நீதிபதி அம்மா சுவரில் இருந்த டிவியில் வருவார். நெட்வொர்க் சரியில்லாததால் பாதி நேரம் அசையாமல் நிற்பார். தலை சற்று முன்னால் சாய்ந்து நின்றுவிட்டால், ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள்.

விஜயபாண்டி லோடுமேன். கெட்டவன் இல்லை, யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் போகிறவன். கூட முனீஸ்வரியும் வந்திருந்தாள். ஊஞ்சலில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீக," என்றாள் முனீஸ்வரி. "கொஞ்சம் மெதுவா ஆடுங்க. எனக்குப் பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு."

"எனக்கு மட்டும் நல்லா இருக்காக்கும்?" என்றாள் தங்கச்செல்வி.

அழகுராஜாவை உள்ளே விடவில்லை. மன்றத்தின் கணக்கில் அவன் 'குடும்பத்துக்கு அப்பாற்பட்ட நபர்'. பந்தல்குடியில் கடையைச் சாத்திவிட்டு அவளை டிவிஎஸ்ஸில் கூட்டி வந்து, வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் வெயிலோடு நிற்பான். ஒவ்வொரு தடவையும் அவள் வெளியே வந்ததும் கேட்பது ஒன்றுதான்.

"பிள்ளைக்கு எம்பேரு வந்துருமா?"

"வந்துரும்ங்க. நம்ம சத்யாதான பாக்குது."

பன்னிரண்டு அமர்வுக்கு ஐந்து மாதம் ஆனது. வயிறு என்பது வாய்தாவுக்குக் காத்திருக்காது. ஏழாவது அமர்வில் தங்கச்செல்வி ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. முத்துராமலிங்கம் அவள் வயிற்றைப் பார்த்தார், பக்கத்தில் விஜயபாண்டியைப் பார்த்தார், முகம் மலர்ந்து இங்கிலீஷில் ஏதோ எழுதினார். ரோஸ் கவுன்கள் ஒன்றையொன்று பார்த்துப் புன்னகை செய்துகொண்டன.

"என்ன எழுதுறாரு சத்யா?"

சத்யபிரியா எட்டிப் படித்தாள். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "உடம்ப நல்லாப் பாத்துக்கிடச் சொல்லிருக்காகக்கா," என்றாள்.

அவர் எழுதியிருந்தது இது: "மனுதாரரின் உடல்நிலையிலிருந்து, தம்பதியரிடையே அமர்வுக்கு அமர்வு நெருக்கம் வளர்ந்து வருவது கண்கூடு. ஊஞ்சல் திட்டம் வெற்றி." இதைத் தங்கச்செல்வி பின்னால்தான் தெரிந்துகொண்டாள். அன்று, பரவாயில்லையே, உடம்பைப் பற்றிக்கூட விசாரிக்கிறார்களே என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அமர்வுகள் முடிந்த பிறகு, துரும்பு முறித்ததற்குச் சான்று கேட்டார்கள். தீர்த்து வைத்த பெரியவர் செத்துப்போயிருந்தார். ஊரார் சாட்சி சொல்ல வந்தால் அவர்களும் குடும்பத்தைப் பிரித்தவர்கள் ஆவார்கள் என்று அறிவித்ததால் யாரும் வரவில்லை.

"எந்த முறிவுக்கும் முறிந்த பொருள் என்று ஒன்று இருக்க வேண்டுமே," என்றார் முத்துராமலிங்கம். "எங்கே அது?"

"எங்கிட்ட ஒரு பாதி இருக்குய்யா," என்றாள் தங்கச்செல்வி.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. உடனே துரும்புக்கு என்று ஒரு படிவம் தயாரித்தார்கள். துரும்பின் நீளம், பயிரின் பெயர், விளைந்த நிலத்தின் சர்வே எண், மானாவாரியா இறவையா. வி.ஏ.ஓ.விடம் நிலச் சான்று வாங்கினாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சோளத்தட்டை எந்த நிலத்தில் விளைந்தது என்று வி.ஏ.ஓ.வுக்கு எப்படித் தெரியும்? அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, திருச்சுழித் தாலுகாவில் மழை பெய்த வருஷம் எது என்று கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தார். வேளாண்மை அலுவலகத்தில் அது சோளம்தான், கம்பு அல்ல என்று சான்று தந்தார்கள். அவளுக்கு ஒன்பதாவது மாதம் தொடங்கியிருந்தது. கால் இரண்டும் வீங்கிப்போய், செருப்பு போட முடியாமல் வெறுங்காலோடு அவள் இதற்கெல்லாம் அலைந்தாள்.

கடைசி வாய்தா அன்று இரண்டு பாதியும் வந்தன. தங்கச்செல்வி ஊசிப் பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தாள். முனீஸ்வரி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு நகைக்கடைப் பையை எடுத்தாள். அதற்குள் மஞ்சள் துணி, அதற்குள் துரும்பு. கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

"திருப்பித் தந்துருவீகள்ல?"

"அரசாங்கத்திடம் கொடுத்தது எங்கே போகும்?" என்றார் முத்துராமலிங்கம்.

முறிந்த இடம் இரண்டிலும் பல் பல்லாக இருந்தது. பக்கத்தில் வைத்ததும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தியது. விஜயபாண்டிகூட எட்டிப் பார்த்து, "ஆமா, இதேதான்," என்றான். தங்கச்செல்விக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

உதவியாளர் ஸ்கேன் எடுக்கப் போனார், திரும்பி வந்தார். "சார், ஒரு மனுவுக்கு ஒரு பொருள்தான் எடுக்குது. ரெண்டு பாதின்னா ரெண்டு பொருள்ங்குது."

"ஒன்றாக்கிவிடுங்கள்."

உதவியாளர் செல்லோடேப்பை எடுத்தார். தங்கச்செல்வி, முனீஸ்வரி, விஜயபாண்டி மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. எங்கள் ஊரில் முறித்த துரும்பை யாரும் சேர்த்துப் பிடிக்கக்கூட மாட்டார்கள்.

"ஒட்டாதீக! ஏ சாமி, ஒட்டாதீக!" என்று முனீஸ்வரி கத்தினாள்.

தங்கச்செல்வி சத்யபிரியாவைப் பார்த்தாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தான். அவளுக்குத் தெரியாததா?

"ஸ்கேனுக்கு மட்டுந்தான்க்கா," என்றாள் சத்யபிரியா. "எடுத்ததும் நானே பிரிச்சுத் தாரேன். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்துருக்கும், சொல்லுங்க."

"எதுக்குடி அது?"

"எல்லாத்துக்கும் கேக்கும்க்கா. எம்மேல நம்பிக்கை இல்லையா?"

தங்கச்செல்வி ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். செல்லோடேப் ஒட்டியது. டிவியில் நீதிபதி அம்மா தலை சற்று முன்னால் சாய்ந்தபடி நின்றுபோனார்.

முத்துராமலிங்கம் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"புதிய நடைமுறை, பதினான்காம் விதி. முறிந்த பொருள் மன்றத்தின் முன்னிலையில், மனுதாரரின் சம்மதத்தோடு இணைக்கப்பட்டால், முறிவு நீங்கியது எனக் கருதப்படும். அன்புத் தம்பதியர் தங்கச்செல்வி, விஜயபாண்டி இன்றுமுதல் மீண்டும் ஒன்றானார்கள்!"

ரோஸ் கவுன்கள் கைதட்டின. யாரோ இரண்டு மாலையும் ஒரு வேப்பங்கன்றும் கொண்டுவந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் தங்கச்செல்வியின் வாய் திறந்திருக்கும். சிரிக்கிறாள் என்று மறுநாள் செய்தியில் போட்டிருந்தார்கள்.

விஜயபாண்டி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "ஐயா, எனக்குப் பொண்டாட்டி இந்தா தரையில உக்காந்துருக்காளே."

"அந்த அம்மாள் உங்கள் மனைவி என்பதற்குச் சான்று?"

"அந்தப் பாதிதான் சாமி," என்று முனீஸ்வரி மேஜையைக் காட்டினாள்.

முத்துராமலிங்கம் துரும்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதில் பாதி எதுவும் இல்லையே அம்மா. முழுசாக அல்லவா இருக்கிறது?" பிறகு இரக்கப்பட்டு, முனீஸ்வரியின் பெயரைக் 'குடும்ப நண்பர்' என்ற இடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார்.

தங்கச்செல்வி வராந்தாவில் சத்யபிரியாவைப் பிடித்தாள். அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியுமாடி உனக்கு? ஒட்டுனா இப்பிடி ஆகும்னு தெரியுமா?"

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இங்க சேர்த்து வச்சாத்தான் எங்களுக்கு ஸ்டார். பிரிச்சு வாங்கிக் குடுத்தா இருக்கிற ஸ்டாரையும் எடுத்துருவாக. எனக்குத் தொண்ணூத்தொம்பதுல நின்னுபோச்சு. நூறு வந்தாத்தான் மூத்த தோழர். இல்லைன்னா பேனல்லயே பேரு இருக்காது. நான் எங்கக்கா போவேன்?"

"நீ எங்க போவேன்னு கேக்க. எம்பிள்ள எங்கடி போகும்?"

"ஒரு வருசந்தான். சேர்ந்தவுக ஒரு வருசத்துக்கு மனு போடக் கூடாது. அது முடிஞ்ச மறுநாளே நானே போட்டு வாங்கித் தாரேன். சத்தியமா."

"அந்த ஏழாவது வாய்தாவுல உடம்பப் பாத்துக்கிடச் சொன்னாகன்னு சொன்னியே. என்ன எழுதிருந்துச்சு?"

சத்யபிரியா அப்போதுதான் நிமிர்ந்தாள். சொன்னாள். தங்கச்செல்விக்கு அழுகைகூட வரவில்லை. அந்த ஆள் ஊர் பேர் தெரியாதவன், எதை வேண்டுமானாலும் எழுதுவான். சத்யா படித்துப் பார்த்து, முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எதிரே ரோஸ் காலர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதை இரண்டு தடவை பிரித்துத் தைத்தது இவள் கைதான்.

பெண் குழந்தை பிறந்தது. அழகுராஜாவின் நெற்றி, அழகுராஜாவின் காது, பார்த்த எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் வாரம் பிறப்புச் சான்றிதழ் வந்தது. மன்றத்தின் பதிவும் இதுவும் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. தந்தை பெயர்: விஜயபாண்டி. அழகுராஜா அதைக் கடைக்கு எடுத்துப்போய், ட்யூப் ஒட்டும் வேலையெல்லாம் முடித்த பிறகு மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்தான். வீட்டுக்கு வந்து அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பாலவனத்தத்தில் முனீஸ்வரி பீரோவைத் திறந்து திறந்து பார்க்கிறாளாம். வெறும் மஞ்சள் துணிதான் இருக்கிறது. துரும்பு அரசாங்கக் காப்பில் இருக்கிறது.

அடுத்த மாதம் அழைப்பு வந்தது. நூறு குடும்பங்களைச் சேர்த்து வைத்த தோழர் சத்யபிரியாவுக்குப் பாராட்டு விழா. நூறாவது குடும்பமாகத் தங்கச்செல்வி, விஜயபாண்டி தம்பதியர் குழந்தையுடன் மேடைக்கு வர வேண்டும். வராவிட்டால் நல்லிணக்கத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதப்படும். அந்தக் குறிப்பு விழுந்தால் ஒரு வருஷம் மூன்று வருஷமாகும்.

விஜயபாண்டி வரவில்லை, லோடு ஏற்றப் போய்விட்டான். தங்கச்செல்வி பிள்ளையோடு வந்தாள். அழகுராஜா வழக்கம்போல சைக்கிள் ஸ்டாண்டில் நின்றான்.

மேடையில் முத்துராமலிங்கம் பேசினார். "சிலர் கேட்கிறார்கள், சேர்த்து வைத்தவர்கள் சேர்ந்துதான் இருக்கிறார்களா என்று. அது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது. நாங்கள் சேர்ப்பதோடு சரி." பிறகு பிள்ளையைக் காட்டினார். "இதோ, எங்கள் ஊஞ்சலின் முதல் கனி!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தங்கச்செல்வி மேடையேறி, பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒன்றை எடுத்துச் சத்யபிரியாவின் முன்னால் நீட்டினாள். வரும் வழியில் ஒரு சோளத்தட்டைப் படப்பிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த துரும்பு.

சத்யபிரியா இரண்டு கையையும் கவுனுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம்க்கா. அக்கா, வேண்டாம்க்கா," என்றாள் உதட்டுக்குள்.

"பிடி."

முத்துராமலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விழா தடைப்படக் கூடாதே என்று மைக்கில் சொன்னார்: "சகோதரி தமது தோழருக்கு நினைவுப் பரிசு வழங்குகிறார்!"

"மேடம், கையில வாங்குங்க! இங்க பாருங்க! ரெண்டு பேரும் புடிங்க!" என்று போட்டோக்காரர்கள் கீழேயிருந்து கத்தினார்கள்.

வேறு வழியில்லை. சத்யபிரியா மறு முனையைப் பிடித்தாள்.

"இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல," என்றாள் தங்கச்செல்வி. மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. "இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

இழுத்தாள். துரும்பு முறிந்தது. எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள்.

திரும்பிப் பார்க்காமல் இறங்கி, அழகுராஜாவைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். வண்டி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவன் உதைத்துக்கொண்டிருக்கும்போது, பஸ் ஸ்டாப் நிழலில் நின்ற வெள்ளாடு ஒன்று வந்து அவள் கையை முகர்ந்தது. அவள் தன் பாதியை அதனிடம் நீட்டினாள்.

உதவியாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் செல்லோடேப் இருந்தது.

"அம்மா, உங்க பாதியக் குடுத்துட்டுப் போங்க. விழாவுல குடுத்த பொருள் ஃபைல்ல சேரணுமாம். சார் ஒட்டிக் கொண்டாரச் சொன்னாரு."

தங்கச்செல்வி ஆட்டைக் காட்டினாள். அது மென்றுகொண்டிருந்தது. உதவியாளர் ஆட்டின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மேடத்துக்கிட்ட இருக்கிற பாதிய என்ன செய்ய? குடுங்கன்னா குடுக்க மாட்டேங்குறாக. கைய மூடிக்கிட்டு அளுவுறாக."

"அது அவகிட்டயே இருக்கட்டும்," என்றாள் தங்கச்செல்வி. "நான் ஒம்பது வருசம் வச்சுருந்தேன்."